கம்பளி என்று எழுதியிருந்தது

உத்தரகாசி
8 மே 2002

அன்புள்ள அக்காவுக்கு,

முகிலன் எழுதுகிறேன். நான் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீ, மாமா, பாப்பா தமிழ்மதி, அம்மா எல்லோரும் சுகம்தானே? அம்மா இன்னும் என் பெயரைச் சொல்லாமல் "அவன்" என்றுதான் சொல்கிறாளா?

தாராபுரத்தில் விளையாட்டு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இமயமலைக்கு வந்தவனை அம்மா மட்டுமல்ல, தலைமையாசிரியரும் மன்னிக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். நயின் சிங் என்று ஒரு மலைநாட்டு வாத்தியார். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால், வெளியாட்களை உள்ளே விடாத திபெத்துக்கு யாத்ரீகர் வேஷத்தில் நடந்தே போனார். நூற்றெட்டு மணி இருக்க வேண்டிய ஜெபமாலையில் நூறு மணிதான் வைத்திருந்தாராம். நூறு அடி நடந்தால் ஒரு மணி தள்ளுவது. அப்படியே லாசா வரைக்கும் அளந்துவிட்டார். காலடியை எண்ணியே ஒரு நாட்டை அளக்கலாம் என்றால் நான் ஒரு மலை ஏறக்கூடாதா?

இங்கே ஜூலை வரை பயிற்சி. ஆகஸ்டில் கோவை மலையேற்றக் குழு வந்து சேரும். மொத்தம் எட்டுப் பேர். செப்டம்பரில் கங்கோத்ரிக்கு மேலே ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரமுள்ள சிகரம். மாமா உங்கள் பனியன் கம்பெனி முதலாளியிடம் பேசி, எட்டுப் பேருக்கும் கம்பளி உள்ளாடை தைத்துத் தர ஏற்பாடு செய்திருக்கிறாரே, அதை இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கு என் நன்றியைச் சொல்.

வீட்டு விலாசத்துக்குத் தபால் ஒழுங்காக வருவதில்லை என்றாய். அதனால் கம்பெனி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு முத்தம்.
உன் தம்பி,
முகிலன்


முதலிபாளையம்
29 மே 2002

அன்புத் தம்பி முகிலனுக்கு,

அக்கா அன்புசெல்வியின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. மாமா ஸ்டோரில் வாங்கி வைத்திருந்து சாயங்காலம் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அம்மா சேவூரிலிருந்து வந்து எங்களோடுதான் இருக்கிறாள். கேட்காத மாதிரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும், "அந்த வாத்தியாருக்கு அம்மா இல்லையாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

போன வாரம் லூதியானாவிலிருந்து கம்பளி நூல் வந்து இறங்கியது. நான் பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். லட்சம் பனியன் என் கையில் போயிருக்கும். கம்பளி நூலைத் தொட்டது இதுதான் முதல் தடவை. முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போல் சுருக் சுருக்கென்று குத்தியது. இதைப் போட்டுக்கொண்டு எப்படித் தூங்குவாய் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டோர் முழுக்க மாமா பொறுப்பு என்பதால் சாவியைக் கையிலேயே வைத்திருக்கிறார். "என்ற மச்சினன் உடம்புல போடறதுங்க" என்று லோடு இறக்க வந்தவரிடம்கூடச் சொன்னார்.

சாப்பாடு எப்படி? ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா,
அன்புசெல்வி


உத்தரகாசி
20 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவிடம் சொல், நயின் சிங் உயிரோடு திரும்பி வந்தார்.

நேற்று எங்கள் பயிற்சியாளர் ஒரு கதை சொன்னார். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஐந்து ஆங்கிலேயர்கள் தென்துருவத்துக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்தால், நார்வேக்காரர்கள் முன்னாடியே வந்து கொடி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சரி, திரும்பலாம் என்று நடக்கிறார்கள். போகும்போதே வழியில் அங்கங்கே எண்ணெய் டின் புதைத்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்து தோண்டிப் பார்த்தால் டின்னில் எண்ணெய் குறைவாக இருந்தது. மூடிக்கு உள்ளே இருந்த தோல் வளையம் குளிரில் சுருங்கி, எண்ணெய் ஆவியாகிப் போயிருக்கிறது. அடுப்பும் கம்மி, தண்ணீரும் கம்மி. ஐந்து பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. காரணம் அது மட்டுமில்லை, ஆனால் அதுவும் ஒன்று.

பயிற்சியாளருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அவர் சொன்னார்: "மலையை நம்பாதே, சாமானை நம்பாதே, இரண்டையும் தொட்டுப் பார்." பருத்தி உள்ளாடையோடு யாராவது மேலே வந்தால் அங்கேயே கழற்றி எறிவாராம். வேர்த்து நனைந்தால் பருத்தி காயாது, நடையை நிறுத்தியதும் உடம்போடு ஒட்டி உறையும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். அதனால் குத்தினாலும் பரவாயில்லை அக்கா. குத்துகிறதே, அதுதான் உயிர்.

துணி எப்போது தயாராகும்? மாமாவைக் கேட்டு எழுது.

முகிலன்


முதலிபாளையம்
24 ஜூலை 2002

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாளில் விட்டது. இந்த மாதம் முதல் வாரம் ஒரு கடிதம் எழுதி மாமாவிடம் தபாலில் போடக் கொடுத்தேன். பதில் இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் விழா நடந்தது. உங்கள் குழுத் தலைவர் அருள்குமார் வந்திருந்தார். நம் முதலாளி சாமியப்பன் அவருக்கு மாலை போட்டு, எட்டுப் பேருக்கும் துணிப்பெட்டியைக் கொடுத்தார். மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, சாக்ஸ் இரண்டு ஜோடி. பத்திரிகைக்காரர் போட்டோ எடுத்தார். மாமா மட்டும் ஸ்டோரை விட்டு வெளியே வரவில்லை. உன் கூட்டாளி ஜெபக்குமாரும் வந்திருந்தார். தையல் மெஷின் மெக்கானிக், நம் தொழிற்பேட்டையிலேயே பல கம்பெனிகளுக்குப் போகிறவர், நம் கம்பெனிக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. "நம்மூரு துணிய போட்டுக்கிட்டு மேல நிக்கப் போறோம்க்கா" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

அத்தனை பீஸையும் நான்தான் செக் செய்து மடித்தேன். ஒரு சந்தேகம். கம்பளி நூலைத் தைத்துத் துவைத்தால் மிருதுவாகிவிடுமா? மே மாதம் தொட்டபோது குத்தியது. இப்போது குத்தவில்லை. உள்பக்கம் பிரஷ் போட்டுப் பஞ்சு எழுப்பி, பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. லேபிளில் நூறு சதம் கம்பளி என்றுதான் இருக்கிறது. உங்கள் பயிற்சியாளரைக் கேட்டு எழுது. நான் கேட்டதாக வேறு யாரிடமும் சொல்லாதே.

இன்னொன்று. உன் ஜூன் மாதக் கடிதத்தையும் மாமாதான் வாசித்துக் காட்டினார். பிறகு அலமாரியிலிருந்து எடுத்து நானே ஒரு தடவை வாசித்தேன். அவர் வாசித்தபோது நான் கேட்காத சில வரிகள் அதில் இருந்தன. பாப்பா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள், அதனால் காதில் விழவில்லையோ என்னவோ.

இந்தக் கடிதத்துக்குப் பதிலைக் கம்பெனிக்கு எழுத வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு நாகஜோதி விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். விருதுநகர்க்காரி, டெய்லர், நம்பிக்கையானவள். அங்கே எழுது.

அக்கா


உத்தரகாசி
5 ஆகஸ்ட் 2002

அக்காவுக்கு,

நலம். ஜூலை முதல் வாரம் எழுதியதாகச் சொன்ன கடிதம் வரவில்லை. அதையும் ஒரு கதையாக்க வேண்டாம்.

நேராகவே கேட்கிறேன். இது அம்மா சொல்லிக் கொடுத்து எழுதியதா? நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பயிற்சிக்கு என்னைத் தேர்வு செய்து கடிதம் வந்தது. அது எனக்குக் கிடைக்கவே இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் எலி கடித்த காகிதமாக அதை நான் எடுத்தபோது தேதி தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒளித்து வைத்தது யார் என்று நீங்கள் இரண்டு பேரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இப்போது புறப்படும் நேரத்தில் துணி குத்தவில்லை என்கிறாய். பக்கத்து வீட்டு விலாசத்துக்கு ரகசியமாக எழுது என்கிறாய். நான் ஒற்றன் வேலை பார்க்க வரவில்லை. அதனால்தான் வழக்கம்போல் கம்பெனிக்கே எழுதுகிறேன். மாமா வாசித்தால் வாசிக்கட்டும்.

மாமா எங்களுக்காக அலைந்தவர். அவர் பொறுப்பில் தயாரான துணியைச் சந்தேகப்படாதே.

குழு வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பதினைந்தாம் தேதி கங்கோத்ரி போகிறோம். இனிமேல் கடிதத்தை அங்குள்ள தபால் நிலையத்துக்கு எழுதினால் போதும். பத்து நாளுக்கு ஒரு முறை சுமைக்காரர் கீழே போய் வாங்கி வருவார்.

முகிலன்


முதலிபாளையம்
17 ஆகஸ்ட் 2002

அன்பு மாப்பிள்ளை முகிலனுக்கு,

வெள்ளையன் எழுதுவது. இங்கு கடவுள் அருளால் குறை ஒன்றும் இல்லை. அங்கு உங்கள் உடல்நலமும் குழுவினர் நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் கம்பெனிக்கு வந்தது. அதைப் பார்த்து என் மனதுக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது. உங்கள் அக்கா கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. உங்களை நினைத்து ஏதேதோ கற்பனை செய்துகொள்கிறாள். டாக்டரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். ஏதாவது தாறுமாறாக எழுதினால் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நானே முன்னால் நின்று தைக்க வைத்த துணி. தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சியில் போட்டோ எடுக்கும்போது ஜாக்கெட்டைக் கொஞ்சம் திறந்து, நெஞ்சில் உள்ள கம்பெனி பெயர் தெரியும்படி எடுக்கச் சொன்னார் முதலாளி.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் வருத்தப்படுவாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
ப. வெள்ளையன்


திருப்பூர்
22 ஆகஸ்ட் 2002

முகிலா,

இதை டவுனில் பெரிய தபால் ஆபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கையோடு பதிவுத் தபாலில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். உன் கடிதம் வந்தது. பிரித்த உறையோடு மாமா என் கையில் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் பழைய கணக்கை முடித்துவிடுகிறேன். அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தது நான்தான். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. நீ செத்துப்போவாய் என்று பயந்தேன். நாலு வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்காக நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இந்தக் கடிதத்தை நம்பு.

உங்கள் பெட்டிக்கான துணியில் இரண்டு பீஸும் ஒரு ஜோடி சாக்ஸும் ஓட்டை விழுந்து கழிக்கப்பட்டன. அவற்றை நான் எடுத்து வைத்திருந்தேன். நேற்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நாகஜோதியைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் பின்னால் போனேன். நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தினேன். கம்பளி என்றால் தலைமயிர் கருகிய நாற்றம் வரும், தீ தானாக அணையும். இது கடிதாசி மாதிரி பற்றிக்கொண்டு எரிந்தது. நடுநடுவே உருகிக் கறுப்பு மணியாக உறைந்தது. "பஞ்சும் பிளாஸ்டிக்குந்தான்க்கா, கம்பளி மணமே இல்ல" என்றாள் அவள். சாக்ஸைக் கொளுத்தினேன். அது முழுக்கப் பஞ்சு.

வந்த கம்பளி நூல் எங்கே போனது என்றும் தெரிந்துகொண்டேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் அவசரமாக சாம்பிள் கேட்டார். அதற்குப் போயிருக்கிறது. ஸ்டோரிலிருந்து யார் கையெழுத்தில் போனது என்று என்னைக் கேட்காதே.

அந்தத் துணியைப் போடாதே. யாரையும் போட விடாதே. என்னை நம்பாவிட்டால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார். உன் பயிற்சியாளர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். தொட்டுப் பார்.

அன்புசெல்வி


தபோவனம், அடிவார முகாம்
5 செப்டம்பர் 2002

அக்கா,

நேற்று மத்தியானம் சுமைக்காரர் இரண்டு கடிதத்தை ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று உன்னுடையது. இன்னொன்று யாருடையது என்று இப்போது சொல்ல நேரமில்லை. இரண்டில் ஒன்று பொய். எது என்று கண்டுபிடிக்க ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது.

சமையல் கூடாரத்தில் எல்லோர் முன்னாலும் கொளுத்தினேன். நீ எழுதியபடியே எரிந்தது. பாதிப் பேர் சொந்தக் கம்பளி வைத்திருக்கிறார்கள். மீதிப் பேருக்கு உத்தரகாசிச் சந்தையில் மலைநாட்டுப் பெண்கள் பின்னி விற்கும் உடுப்பு இரண்டு மூன்று இருக்கிறது. அதைப் பகிர்ந்துகொண்டோம்.

ஆனால் ஜெபக்குமாரும் அருள்குமாரும் மூன்று நாளுக்கு முன்பே சாமான் சுமந்துகொண்டு முதல் முகாமுக்கு ஏறிவிட்டார்கள். அருள்குமார் பழைய ஆள், தன் சாக்ஸைத்தான் போடுவார். ஜெபா மேலிருந்து கீழ்வரை கம்பெனித் துணி. தன் மற்ற உடுப்பையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நேற்று முன்தினத்திலிருந்து மேலே பனிப்புயல். இப்போதுதான் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

நான் கம்பளி எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். இதைச் சுமைக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

மு.


முதலிபாளையம்
19 செப்டம்பர் 2002

முகிலா,

உன் துண்டுக் கடிதம் நேற்று நாகஜோதி வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது? ஒரு வரி எழுது. யாராவது எழுதச் சொல்.

நான் சும்மா இருக்கவில்லை. நேற்றே அந்த ஓட்டை பீஸை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். அவர் எதிரில் மாமா உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் பீஸை வைத்து, "இது கம்பளி இல்லீங்க" என்றேன்.

சாமியப்பன் கோபப்படவே இல்லை. சிரித்தார். "ஏனம்மா, அந்தப் பசங்க மேல போய் ஒரு போட்டோ எடுத்துக்கறாங்க. அதுக்குப் பஞ்சா இருந்தா என்ன, கம்பளியா இருந்தா என்ன?"

"போட்டோவுக்கு இல்லீங்க. உசுருக்குங்க. அதுல ஒருத்தன் என்ற தம்பிங்க."

"உள்ள என்ன போட்டாலும் மேல பெரிய ஜாக்கெட் போடுவாங்கம்மா. பயப்படாதே." அப்புறம் மாமாவைப் பார்த்து, "வெள்ளையா, ஊட்டம்மாவுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடு. மனசு சரியில்ல போலிருக்குது" என்றார்.

மாமா எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "சரிங்க" என்றார்.

பதினான்கு வருஷக் குடும்பத்தில் அவர் என்னை அடித்ததில்லை, ஏசியதில்லை. அந்த ஒரு "சரிங்க" போதும். இனி நான் அந்த டேபிளில் நிற்க மாட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வேறு யூனிட்டுக்குப் போகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் மாமா, "தபால் வந்துச்சா?" என்று கேட்கிறார். இந்த வாரம் தினமும் கேட்கிறார். உனக்காகக் கேட்கிறாரா, தனக்காகக் கேட்கிறாரா, எனக்குப் புரியவில்லை.

எழுது கண்ணு.

அக்கா


உத்தரகாசி
8 அக்டோபர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். கை கால் முழுசாக இருக்கிறது. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. மருத்துவமனையிலேயே இருந்துவிட்டேன், எனக்காக இல்லை.

ஐந்தாம் தேதி சாயங்காலம் முதல் முகாமை எட்டினேன். கூடாரம் பாதி புதைந்திருந்தது. உள்ளே அருள்குமார் ஜெபாவின் பாதங்களைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புயல் வருவதற்கு முன்னால் சுமை தூக்கி நன்றாக வேர்த்திருக்கிறது. பிறகு கூடாரத்துக்குள் முடங்கிய இரண்டு நாளும் துணி காயவே இல்லை. சாக்ஸ் உறைந்து தகரம் மாதிரி இருந்தது. கத்தியால் வெட்டித்தான் கழற்றினேன். விரல்கள் மெழுகு போல வெள்ளையாக இருந்தன. தட்டினால் கட்டை சத்தம் கேட்டது.

"ஒண்ணுமே தெரியலண்ணே, வலிக்கவும் இல்ல. நல்லதுதானே?" என்று கேட்டான். நான் ஆமாம் என்று சொன்னேன்.

முதுகில் கட்டிக்கொண்டு மாற்றி மாற்றி இறக்கினோம். கீழே வர மூன்று நாளாயிற்று. போன வாரம் இடது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். வலது கால் பிழைத்துக்கொண்டது. சிகரத்துக்கு யாரும் போகவில்லை. கூடாரத்தை மடித்துக்கொண்டு எல்லோரும் இறங்கிவிட்டோம்.

உன் கடிதம் மூன்று நாள் முந்தி வந்திருந்தால் என்று நினைக்கிறேன். பிறகு, உன் ஜூலைக் கடிதத்தை நான் நம்பியிருந்தால் என்று நினைக்கிறேன். பானைக்குப் பின்னால் நீ ஒளித்ததை நான் மறந்திருந்தால் நம்பியிருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியவில்லை.

அன்று வந்த இன்னொரு கடிதம் மாமா எழுதியது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி. உனக்கு மனநிலை சரியில்லை, நீ எழுதுவதை நம்பாதே, துணியைத் தைரியமாகப் போடு என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. உனக்குத் தெரியக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார். பத்திரமாக வைத்திருக்கிறேன். ஜெபாவிடம் இன்னும் காட்டவில்லை.

முகிலன்


முதலிபாளையம்
18 அக்டோபர் 2002

முகிலா,

சுகமாக இரு. ஜெபக்குமாருக்காக நம் சாமியையும் அவர் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். அவர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் டீ வைத்துக் கொடுத்தார்கள். அந்த டீயைக் குடிப்பதற்குள் நான் பட்ட பாடு.

உன் கடிதத்தை மாமா முன்னால் வைத்தேன். "வாசியுங்க. இந்தத் தடவை வரி விடாம வாசியுங்க" என்றேன். வாசித்தார். மூன்று விரல் என்ற இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"நூல் போனது தெரியுமுங்களா?"

"நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"பஞ்சு ஆகாதுன்னு முகிலன் ஜூன் மாசமே எழுதியிருந்தானே. அப்ப துணிகூடத் தெக்கலையே."

"வாசிச்சேன்." கடிதத்தை மடித்துக்கொண்டே, "லேபிள் மட்டும் மாத்து, மத்ததை நான் பாத்துக்கறேன்னாரு முதலாளி. அவங்க சொந்தத் துணியத்தான் போடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் அன்பு" என்றார். என் ஜூலை முதல் வாரக் கடிதமும் தபாலுக்குப் போகவில்லையாம். அதில் கம்பளி நூல் பெட்டி ஸ்டோரில் காணவில்லை, தைக்கப் போய்விட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தேன்.

நான் அவரோடு பேசவில்லை. அப்படியே எட்டு நாள் போயிருக்கும் என்று நினைத்தேன், மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இன்று விடிந்ததும் ஒரு பையோடு நின்றார். கம்பெனிக்குப் போகவில்லை, உத்தரகாசிக்குப் போகிறேன் என்றார். ஈரோட்டைத் தாண்டாத மனுஷன். ஹிந்தியில் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஒரு தாளில் நாகஜோதியிடம் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி வாங்கிக்கொண்டு, கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டார். அங்கிருந்து டெல்லி ரயில்.

முகிலா, அவர் எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. நேற்று சாயங்காலம் முதலாளி கார் தெருமுனையில் நின்றது. மாமா போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மாமா உனக்கு எழுதிய அந்தக் கடிதம் உன்னிடம் இருப்பது முதலாளிக்கும் மாமாவுக்கும் தெரியும். அவர் கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடாதே. வந்து சேர்ந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

பாப்பா அப்பாவைக் கேட்கிறாள். மலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புசெல்வி


உத்தரகாசி
4 நவம்பர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஜெபா ஊன்றுகோலோடு வராந்தாவில் நாலு தடவை நடக்கிறான். இங்கே குளிர் இறங்கிவிட்டது.

மாமா வந்தார். இருபத்துநாலாம் தேதி காலையில் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார். டெல்லியில் பையைத் தொலைத்துவிட்டார். ரிஷிகேசத்தில் தப்பான பஸ் ஏறி, ஒரு நாள் முழுக்க வேறு பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். நாகஜோதி எழுதிக் கொடுத்த தாளைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டியே வந்து சேர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை. உன் கடிதம் அவர் வந்த பிறகுதான் கிடைத்தது, ஆனாலும் எனக்கும் முன்பே அதே சந்தேகம்தான். "எதுக்கு வந்தீங்க?" என்று வாசலிலேயே கேட்டேன். "அவரப் பாக்கோணும்" என்றார்.

அவர் யாரென்று ஜெபாவிடம் நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் நாளே வேலையில் இறங்கிவிட்டார். தோளில் தாங்கிக் கழிவறைக்குக் கூட்டிப் போவது, கட்டு மாற்றும்போது காலைப் பிடித்துக்கொள்வது, கஞ்சி வாங்கி வருவது. நாலு நாள். ஜெபா என்னைக் கேட்டான், "யாருண்ணே அந்த அண்ணாச்சி? தமிழ் ஆளா இருக்காரு, வாயத் தொறக்க மாட்டேங்காரே." நான் என் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டேன். கடிதம் அதில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் கேட்டார். "மாப்ளே, நான் எழுதுன கடுதாசி வேணும்."

"கிழிக்கறதுக்குங்களா? முதலாளி சொல்லி விட்டாரா?"

"அவரு சொன்னது அதான். தெருமுனையில நின்னு அதத்தான் சொன்னாரு." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "நீங்க என் கையில குடுக்க வேண்டாம். நீங்களே புடிச்சுக்குங்க. நான் பாத்து வாசிக்கறேன்."

ஜெபாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு கையாலும் கடிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், பிடுங்கிவிடுவாரோ என்று. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசித்தார். தன் பெயர், கம்பெனி, ஸ்டோர் வேலை எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட்டு, "அன்பு மாப்பிள்ளை முகிலனுக்கு" என்பதிலிருந்து ஆரம்பித்தார். உனக்குப் புத்தி சரியில்லை என்ற இடம் வந்தது. "இது பொய்" என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தார். தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற வரியில் பாதியில் நின்றுவிட்டார். நான் காத்திருந்தேன். உதவி செய்யவில்லை. திரும்ப அந்த வரியை எடுத்து முழுசாக வாசித்தார். கையெழுத்து வரைக்கும் ஒரு வார்த்தை விடவில்லை.

ஜெபா போர்வையை இழுத்துக் காலை மூடினான். பிறகு, "கொஞ்சம் வெளிய போங்க அண்ணாச்சி" என்றான். மாமா போய் வராந்தாவில் தரையில் உட்கார்ந்தார்.

அது நடந்து ஒரு வாரம் ஆகிறது. ஜெபா அவரோடு பேசவில்லை. ஆனால் நேற்று கட்டு மாற்ற நர்ஸ் வந்தபோது, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அவரக் கூப்பிடுங்க, அவருக்குத்தான் காலப் புடிக்கத் தெரியும்" என்றான். மாமா வந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மாமா நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அருள்குமாரிடம் கொடுத்திருக்கிறார். அது கோவைக் குழுவுக்குப் போய்விட்டது. இனி உங்கள் முதலாளிக்கும் வந்து சேரும். வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அவரை முழுசாக நம்பிவிட்டேனா என்று நீ கேட்டால், இல்லை. கடிதம் இன்னும் என் பூட்டுக்குள்தான் இருக்கிறது. அவரும் அதைக் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். ஜெபாவைக் கூட்டிக்கொண்டு இருபதாம் தேதி புறப்படுகிறோம். தான் நம் ஊட்டுக்கு வரலாமா, இல்லை திருப்பூர் ஸ்டேஷனிலேயே இறங்கி வேறெங்காவது போய்விட வேண்டுமா என்று கேட்கிறார். நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். வெறும் தாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் உனக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. பதிலை அவர் பெயருக்கே எழுது. நான் பிரிக்க மாட்டேன்.

அம்மாவுக்கு வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

உன் தம்பி,
முகிலன்